டேனிஷ்காரன் சட்டைப்பை ஓட்டை

நாலு நாளாச்சு, நகக்கண்ணுல ஏறின மணல் இன்னும் போகல. காரணம் வேற யாரு, நம்ம அப்பாதான்.

போன மாசம் பார்சல் வந்தப்ப, தோட்டத்துக்குக் களை வெட்டுற சாமான்னு அம்மா சந்தோஷப்பட்டுட்டாங்க. பிரிச்சுப் பார்த்தா ஊன்றுகோல் நுனியில சாப்பாட்டுத் தட்டு மாட்டின மாதிரி ஒண்ணு. மெட்டல் டிடெக்டர். அம்மாகிட்ட சொன்ன விலை 2,000. எனக்குப் போன்ல சொன்னது 5,000. அத்தான் கண்ணுல பில் பட்டப்புறம்தான் 8,500-ங்கிற உண்மை வெளிய வந்துச்சு. முப்பது வருஷம் சொசைட்டி பேங்க்ல அடுத்தவங்க காசை எண்ணின மனுஷன். இப்ப தனக்குன்னு எண்ண ஒரு காசு வேணும்னு ஆசை.

அப்பாவோட வாதம் எளிமையானது. 1620-ல தரங்கம்பாடியில கோட்டை கட்டின டேனிஷ்காரன், அதான் டென்மார்க்காரன், 1845-ல இங்கிலீஷ்காரனுக்கு வித்துட்டுப் போற வரைக்கும் இங்கதான் இருந்தான். ஆக மொத்தம் 225 வருஷம். "இத்தனை வருஷத்துல ஒரு டேனிஷ்காரன் சட்டைப்பையில கூடவா ஓட்டை விழுந்திருக்காது?"

அத்தான் வக்கீல்ங்கிறதை எங்க யாரையும் மறக்க விடமாட்டார். கோட்டைப் பக்கம் அந்தக் கம்பைத் தூக்கிட்டுப் போனாலே கேஸ்னார். அப்புறம் 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டத்தை எடுத்தார். மண்ணுக்குள்ள 10 ரூபாய்க்கு மேல பெறுமானமுள்ள புதையல் கிடைச்சா கலெக்டருக்கு எழுத்து மூலமாத் தெரிவிக்கணுமாம். வருஷம் போட்டிருக்கிறதைக் கவனிங்க, தொகை இன்னும் அதே 10 ரூபாய்தான். "10 ரூபாய்க்கு இப்ப டீயே வராதே மாப்ள"ன்னு அப்பா சிரிச்சார். ஆனா அன்னிக்கே ஒரு நீள நோட்டு வாங்கிட்டார். தேதி, இடம், ஆழம், பொருள், மதிப்புன்னு ஸ்கேல் வச்சுக் கோடு போட்டாச்சு. 10 ரூபாயைத் தொட்டா உடனே மனு எழுதத் தயார்.

லீவுல நான் ஊருக்கு வந்தது திங்கக்கிழமை. பையை வச்சுக் காபி குடிக்கிறதுக்குள்ள "பாப்பா, வண்டியை எடு"ன்னுட்டார். கோட்டையை விட்டு ரொம்பத் தள்ளி, குப்பத்துப் பக்கம் போனோம்.

ஈர மணல்ல உப்பு இருக்குல்ல, அதுவே மின்சாரத்தைக் கடத்துமாம். அதனால ஒவ்வொரு அலை வந்து போறப்பவும் மெஷின் குக்கர் மாதிரி விசில் அடிச்சுது. ஏழெட்டு விசிலுக்கு குப்பத்து நாய் மொத்தமும் கரைக்கு வந்தாச்சு, பின்னாடியே பிள்ளைங்க. அவ்வளவு கூட்டத்துக்கு நடுவுல அப்பா முட்டி போட்டுத் தோண்டினார். சோடா மூடி. அப்புறம் ஒரு மூடி. அப்புறம் தூண்டில் முள், அது என் விரல்ல. அப்புறம் வலையில கட்டுற ஈயக்குண்டு ஏழு. அதையெல்லாம் அவர் துடைச்சு அடுக்கிட்டிருக்கும்போது ஒரு ஆயா வந்து, "எங்க வலை ஈயந்தான் சாமி"ன்னு சொல்லி மடியில அள்ளிக் கட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. நோட்டுல: ஈயம் 7, உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

கிடைச்ச ஒரே காசு சதுரமான அலுமினிய 5 பைசா. 25 பைசா வரைக்கும் எல்லாமே 2011-லயே செல்லாமப் போயிடுச்சு. மதிப்புங்கிற கட்டத்துல என்ன எழுதறதுன்னு அப்பா பத்து நிமிஷம் யோசிச்சு ஒரு கோடு மட்டும் போட்டார்.

பாட்டில் கதை தனி. பழைய பாட்டில் பக்கத்துல அதோட தகர மூடி கிடக்கும், மெஷின் மூடியைக் காட்டும், நாம பாட்டிலை எடுக்கலாம்னு எங்கயோ படிச்சிருக்கார். அந்த முறையில கிடைச்சது அத்தனையும் போன வாரத்துக் குவார்ட்டர். நிஜமான பழைய பாட்டில் என் கால்லதான் இடறிச்சு. பச்சைக் கண்ணாடி கோலி சோடா பாட்டில், கழுத்துல கோலி அப்படியே லொடலொடன்னு ஆடுது. அதுக்குத் தகர மூடியே கிடையாது, கோலிதான் மூடி. மெஷின் எப்படிய்யா கத்தும்?

வலை பின்னிக்கிட்டிருந்த தாத்தா ஒருத்தர் ரொம்ப நேரமாப் பார்த்துட்டு, "புயல் ஓஞ்ச மறுநாள் வாங்க சார், கடலே மணலைக் கழுவிக் காசை மேல போட்டுடும். கோட்டைக் காசு கூட அப்படித்தான் கெடைக்கும். மிஷினெல்லாம் எதுக்கு, கண்ணு இருந்தாப் போதும்"னார். அப்பா முகத்தைப் பார்க்க முடியல.

அங்கதான் எனக்கு அந்த அறிவுகெட்ட யோசனை வந்தது.

அம்மாவோட தாமரைக் காசு டப்பா தெரியும்ல? 1968-ல வந்த பித்தளை நிற 20 பைசா. தங்கம் கலந்திருக்குன்னு நம்பி அப்பாயி சேர்த்தது, இப்ப வெள்ளிக்கிழமை லட்சுமி பூஜைக்கு நூத்தியெட்டு. செவ்வாய் மத்தியானம் அதுல ஒண்ணை உருவிட்டு நான் மட்டும் ஸ்கூட்டர்ல போய், மணல்ல ஒரு சாண் ஆழத்துல புதைச்சேன். அடையாளம், நீலப் படகோட மூக்குக்கு நேரா.

சாயங்காலம் வந்தா படகைக் காணோம். படகுன்னா கடலுக்குப் போகும்னு எனக்குத் தோணவே இல்லை, நான் கடற்கரையில பொறந்தவ! மெஷினும் கம்முனு கிடந்துச்சு. ஒரு சாண் அதோட சக்திக்கு மீறினதுன்னு ராத்திரி கையேட்டைப் படிச்சப்பதான் தெரிஞ்சுது. புதன், வியாழன் ரெண்டு நாளும் நானே அப்பாவை இழுத்துக்கிட்டுப் போனேன். "இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம் பார்ப்போம்பா." பொண்ணுக்கு ஆர்வம் வந்துடுச்சுன்னு எதிர்வீடு வரைக்கும் சொல்லிட்டு வந்தார். நான் கையாலயே கரையை உழுதேன்.

வெள்ளிக்கிழமை காலையில அம்மா டப்பாவைத் திறந்தப்ப நான் அடுப்படியில தேங்காய் துருவிக்கிட்டிருந்தேன், பாதி தேங்காய் பாதி விரல். "நூத்தியாறு, நூத்தியேழு, நூத்தியெட்டு." ஓடிப்போய் நானும் எண்ணினேன். நூத்தியெட்டு. கடைசிக் காசோட தாமரை இதழ்ல மணல்.

அப்பா பேப்பரை இறக்காமலே பேசினார். "செவ்வாக்கிழமையே எடுத்துட்டேன். மிஷின் கத்தல. நீ குழியைச் சரியா மூடல, தடம் தெரிஞ்சுது."

"நம்ம வீட்டுக் காசுன்னு எப்படித் தெரியும்?"

"டேனிஷ்காரன் குங்குமம் வைப்பானா?"

"அப்ப ரெண்டு நாளா என்னை ஏன் தோண்ட விட்டீங்க?"

"நீதானே கூப்பிட்டே."

நோட்டை எடுத்துப் பார்த்தேன். செவ்வாய்: 20 பைசா, வீட்டுக் காசு, திருப்பி வைக்கப்பட்டது. ஓரத்துல புதுசா ஒரு கட்டம், உடன் வந்தவர்னு. ஸ்கேல் வைக்காமப் போட்ட கோணல் கோடு. திங்கள்லேர்ந்து வியாழன் வரைக்கும் நாலு வரியிலயும் என் பேரு, அதுவும் இனிஷியலோட.

அடுத்தது பூம்புகாராம். ஆடி அமாவாசைக்கு முழுக்குப் போடுற கூட்டத்துல எத்தனை மோதிரம் கழண்டிருக்கும்னு கணக்குப் போட்டுக்கிட்டிருக்கார். அதெல்லாம் புதையல்ல சேராது, காணாமப்போன பொருள், போலீஸ் ஸ்டேஷன்ல குடுக்கணும்னு அத்தான் குடும்ப வாட்ஸப் குரூப்ல எழுதினார். அஞ்சே நிமிஷத்துல அப்பா அவரைக் குரூப்லேர்ந்து தூக்கிட்டார்.