சும்மா இருக்கும் அரை மணி நேரம்

ஜூன் 2

நல்லது நடக்கும் ஒரு எதிர்காலத்தை வைத்து அறிவியல் புனைகதை எழுத வேண்டும் என்று மூன்று மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். உலகம் அழிவதை எழுத உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் ஒரு பக்கம் வந்துவிடுகிறது. கடல் பொங்குகிறது, இயந்திரம் மனிதனைத் துரத்துகிறது, இடிபாடுகளுக்கு நடுவே ஒருவர் தனியாக நடந்துபோகிறார். எதுவும் நான் யோசித்தது இல்லை, ஏற்கெனவே பார்த்தும் படித்தும் மண்டைக்குள் அடுக்கி வைத்திருப்பது, கையை விட்டால் எடுத்துவிடலாம். நல்ல எதிர்காலத்துக்கு அப்படி எடுக்க அதிகம் கிடையாது, உட்கார்ந்து யோசித்தால்தான் உண்டு. அந்த நேரம்தான் என்னிடம் இல்லை. வரிசையில் நிற்கும் மூன்று நிமிடம், லிஃப்டுக்குக் காத்திருக்கும் ஒரு நிமிடம், தூக்கம் வருவதற்கு முன்னால் இருபது நிமிடம், எல்லாவற்றையும் போன் வாங்கிக்கொள்கிறது.

நாளையிலிருந்து தினமும் சாயங்காலம் அரை மணி நேரம், போன், புத்தகம், பாட்டு எதுவும் இல்லாமல் உட்காரப் போகிறேன்.

ஜூன் 3

ரொம்பக் கஷ்டமாக இருந்தது. நான்கு நிமிடத்துக்குள் கை தானாகவே போனைத் தேடியது.

2014-ல் டிமோதி வில்சன் என்ற உளவியல் பேராசிரியரின் குழு செய்த சோதனை ஞாபகத்துக்கு வந்தது. ஆட்களை ஒரு அறையில் 15 நிமிடம் தனியாக, வெறும் யோசனையோடு உட்கார வைத்தார்கள். பக்கத்தில் ஒரு பட்டன், அழுத்தினால் தனக்குத்தானே மின்சார ஷாக். இது வேண்டவே வேண்டாம், தவிர்க்கப் பணம்கூடத் தருவேன் என்று முன்பே சொன்னவர்களில் 18 ஆண்களில் 12 பேர், 24 பெண்களில் 6 பேர் அதை அழுத்தினார்கள். இன்று அந்த அரை மணி நேரத்தைக் கடந்த பிறகு எனக்கு அவர்கள்மேல் துளிகூட ஆச்சரியம் இல்லை.

ஜூன் 5

ஒன்றும் வரவில்லை. உட்கார்ந்தேன், எழுந்தேன்.

ஜூன் 8

இன்று இருபதாவது நிமிடம் இருக்கும், மனசு எங்கேயோ போய்விட்டது. நானாக எதையும் யோசிக்கவில்லை, சின்ன வயதில் மொட்டைமாடியில் படுத்து மேகம் பார்த்தது, அப்புறம் மேகத்துக்குள் தண்ணீர் எப்படி நிற்கிறது என்ற கேள்வி, அப்புறம் கதையில் வரப்போகும் ஊருக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்ற கேள்வி. மூன்று மாதத்தில் கதைக்காக வந்த முதல் உருப்படியான கேள்வி இதுதான்.

நாம் சும்மா இருக்கும்போது மூளை சும்மா இருப்பதில்லை. ஒரு வேலையில் கவனம் வைக்கும்போது அடங்கி, விட்டதும் சுறுசுறுப்பாகிற பகுதிகள் மூளையில் உண்டு என்று 2001-ல் மார்கஸ் ரெய்க்லியின் குழு எழுதியது, இப்போது அதை டீஃபால்ட் மோட் நெட்வொர்க் என்கிறார்கள். பிரிட்டனில் சாண்டி மான், ரெபெக்கா காட்மன் இருவரும் செய்த சோதனை இன்னும் எளிமையானது: டெலிபோன் டைரக்டரியிலிருந்து எண்களைக் கொடுத்துச் சலிப்படைய வைத்துவிட்டு, பிளாஸ்டிக் கப்பை வைத்து என்னென்ன செய்யலாம் என்று கேட்டார்கள். எண்களைப் பார்த்து எழுதியவர்களைவிட வெறுமனே வாசித்தவர்களுக்குத்தான் கற்பனை நன்றாக ஓடியது. சின்னச் சோதனைதான், அதை வைத்து எல்லாம் தெரிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கைக்கும் வேலை இல்லாத சலிப்புதான் மனசை அலைய விடுகிறது என்பது என் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது.

ஜூன் 11

வங்காள எழுத்தாளர் பேகம் ரொக்கேயாவின் 'சுல்தானாவின் கனவு' கதையை மறுபடி படித்தேன். 1905-ல் மதராஸிலிருந்து வந்துகொண்டிருந்த 'இந்தியன் லேடீஸ் மேகஸின்' இதழில் வெளியானது. கணவர் வேலையாகச் சுற்றுப்பயணம் போயிருந்தார், வீட்டில் தனியாக இருந்தவர் பொழுது போவதற்காக எழுதினார். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து அந்தக் கதை எனக்கு வேறு மாதிரி தெரிகிறது. நினைத்தபடி வெளியே போய்வர முடியாத ஒரு பெண், பொழுது போகாத வீடு, அங்கே உட்கார்ந்து அவர் பார்த்த நாட்டில் சூரிய வெப்பத்தில் சமைக்கிறார்கள், மேகத்திலிருந்தே தண்ணீர் இறக்குகிறார்கள், ஆகாயத்தில் வண்டி ஓட்டுகிறார்கள், பெண்கள் பயமில்லாமல் தெருவில் நடக்கிறார்கள். ஆண்களை வீட்டுக்குள் வைத்துவிடும் பகுதி எனக்கு நல்ல எதிர்காலமாகப் படவில்லை, ஆனால் உள்ளே வைக்கப்பட்ட ஒருவர் எழுதியது என்று நினைக்கும்போது அந்தக் கோபம் நியாயமாகத்தான் தெரிகிறது. எனக்கு மிகவும் பிடித்தது வேறு ஒன்று. அங்கே ஒரு நாளுக்கு இரண்டு மணி நேரம்தான் வேலை! மிச்ச நேரத்துக்குத் தோட்டம் இருக்கிறது, பூவேலை இருக்கிறது.

அடைபட்ட பொழுதிலிருந்து பயமும் பிறக்கும். 1815-ல் தம்போரா எரிமலை வெடித்து, அடுத்த ஆண்டு ஐரோப்பாவுக்குக் கோடையே சரியாக வராமல் போனபோது, ஜெனீவா ஏரிக்கரையில் மழைக்கு வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த 18 வயது மேரி ஷெல்லிக்குத்தான் 'ஃபிராங்கன்ஸ்டைன்' என்ற திகில் நாவல் தோன்றியது.

ஜூன் 15

பொருளாதார மேதை கெய்ன்ஸ் 1930-ல் எழுதிய ஒரு கட்டுரையில், நூறு ஆண்டு கழித்து வாரத்துக்கு 15 மணி நேரம் வேலை செய்தால் போதும் என்று கணித்தார், கூடவே கிடைக்கும் ஓய்வை மனிதர்கள் எப்படிச் சமாளிப்பார்கள் என்று கவலையும் பட்டார். என் கதை மாட்டிக்கொண்டிருந்த இடம் அதேதான். எல்லாம் சரியாக இருக்கிற ஊரில் கதை எங்கே இருக்கும்? இன்று விடை கிடைத்தது: அங்கே ஒரு பதினொரு வயதுப் பெண்ணுக்குப் போரடிக்க வேண்டும், அதை யாரும் அவசரப்பட்டுத் தீர்த்துவைக்கக் கூடாது.

ஜூன் 18

நான்கு பக்கம்! அவள் ஊருக்கு வெளியே சூரியத் தகடுகளுக்கு அடியில் நிழலுக்காகப் படுத்திருக்கிறாள். செய்ய ஒன்றுமில்லை. வெகுநேரம் கழித்து, வெளியில் இருக்கும் புல் காய்ந்திருக்க, தன் முதுகுக்குக் கீழே இருக்கும் புல் பச்சையாக இருப்பதைக் கவனிக்கிறாள். நிழலில் மண்ணின் ஈரம் சீக்கிரம் ஆவியாகாது, அவ்வளவுதான் காரணம். தகடுகளுக்குக் கீழே பயிர் வைக்கலாம் என்ற யோசனையை 1981-லேயே ஜெர்மனியில் கோட்ஸ்பெர்கர், சாஸ்ட்ரோ என்ற இருவர் எழுதிவிட்டார்கள், கட்டுரைத் தலைப்பிலேயே உருளைக்கிழங்கு இருக்கும். அது அவளுக்குத் தெரிய வேண்டியதில்லை. தானாகக் கண்டுபிடித்த சந்தோஷம் அவளுக்கு முழுசாகக் கிடைக்க வேண்டும்.

இதை யாரிடம் முதலில் சொல்லுவாள் என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை. பாட்டியிடம் என்று தோன்றுகிறது. நாளைக்கு அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுதுகிறேன்.