சூடு காற்றிலா, சென்சாரிலா?

சூட்டில் மறுபடி ஸ்டார்ட் செய்தால் தடுமாறும் ஒரு வண்டிக்கு, "அறுபது டிகிரிக்கு மேல பெட்ரோலைக் கொஞ்சம் ஏத்தி விட்டாப் போதுங்கண்ணா, அஞ்சு நிமிஷ வேலை" என்று தம்பி சொன்னதும், வண்டிக்காரர் பக்கத்தில் நிற்கும்போதே "காற்றின் சூட்டுக்கு எவ்வளவு பெட்ரோல் என்பது இயற்பியல் போட்ட கணக்கு, அதில் யாரும் கை வைக்கக் கூடாது" என்று நான் முடித்துவிட்டதும் இன்னும் மனத்தில் ஓடிக்கொண்டே இருக்கின்றன. சொன்ன விஷயம் சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அதற்குப் பிறகு நானே செய்த வேலைதான் உறுத்துகிறது.

மேனிஃபோல்ட் (காற்றை சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொண்டுபோகும் குழாய்) அழுத்தத்தையும் காற்றின் வெப்பத்தையும் வைத்துக் காற்றின் எடையைக் கணக்கிட்டு, அதற்கேற்பப் பெட்ரோலை விடும் என்ஜின் கணினி (இ.சி.யு.) அது, ஆனால் வெப்ப சென்சார் அலுமினிய மேனிஃபோல்டிலேயே திருகப்பட்டிருந்தது. வெயிலில் ஓட்டிவந்து சிறிது நேரம் நிறுத்தினால், என்ஜினின் சூடு ஏறி சென்சார் 70 டிகிரி காட்டும். மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது உள்ளே வரும் காற்று 45 டிகிரிதான் என்று வைத்துக்கொள்வோம். ஒரே அழுத்தத்தில் காற்றின் அடர்த்தி கெல்வின் கணக்கிலான (செல்சியஸோடு 273 கூட்டிய) வெப்பத்துக்குத் தலைகீழாக மாறுவதால், 343-க்கும் 318-க்கும் உள்ள இடைவெளி சுமார் 7 சதவீத எரிபொருள் குறைவாக வந்து நிற்கும். லேம்டா (காற்று-பெட்ரோல் கலவையின் அளவு; 1 என்றால் சரி, அதைத் தாண்டினால் பெட்ரோல் குறைவு) 1.08-ஐத் தொடும், ஆக்சிஜன் சென்சாரின் திருத்தம் தொடங்காத அந்தச் சில நொடிகளில் ஐடிலிங் தடுமாறி, சில சமயம் வண்டி அணைந்தே போகும்.

தம்பி சொன்ன வழியில் அந்தத் தடுமாற்றம் அன்றே நின்றிருக்கும். ஆனால் அந்த வண்டியில் ஏர் ஃபில்டர் பானெட்டுக்குள் திறந்த நிலையில் இருந்தது. அவிநாசி சாலை நெரிசலில் ஊர்ந்தால் உள்ளே போகும் காற்றே உண்மையில் 60-ஐத் தாண்டிவிடும். அப்போது அதே திருத்தம் வேண்டாத பெட்ரோலை ஊற்றி பிளக்கில் கரி படியவைக்கும். சூடானது காற்றா, சென்சாரா என்பதை ஒற்றை எண் சொல்லாது என்பதே என் வாதம். அதனால் சென்சாரை த்ராட்டிலுக்கு முன்னால் இருக்கும் ரப்பர் குழாய்க்கு மாற்றச் சொன்னேன். வண்டிக்காரருக்குக் கூடுதல் செலவு, கூடுதல் காத்திருப்பு.

மாற்றிய பிறகு நேர் எதிரான சிக்கல் வந்தது. ஐடிலிங்கில் மெதுவாக நகரும் காற்று, சென்சாரைத் தாண்டிய பிறகு மேனிஃபோல்டில் சூடாகிறது. அதை சென்சார் அறியாததால் பெட்ரோல் கூடி, கலவை ரிச்சாகிறது. ஆகவே கூலன்ட் வெப்பத்தையும் காற்று வெப்பத்தையும் காற்றோட்ட அளவுக்கு ஏற்பக் கலக்கும் டேபிளைத் திறந்தேன். காற்றோட்டம் குறைந்த வரிசையில், நின்று ஓடும் ஐடிலிங் கூலன்ட்டின் பங்கைக் கூட்டிப் பெட்ரோலைக் குறைக்கச் சொன்னது. சூட்டில் மறுபடி ஸ்டார்ட் செய்தால் அந்தப் பங்கைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டச் சொன்னது. லேம்டாவைப் பார்த்துக்கொண்டே இரண்டுக்கும் நடுவில் ஓர் எண்ணை வைத்தேன்.

"இதுவும் லேம்டா வர்ற வரைக்கும் நம்பரை மாத்தறதுதானுங்கண்ணா?" என்று தம்பி கேட்டான்.

இது காற்றோட்டத்தோடு சேர்ந்து மாறுகிறது, நீ சொன்னது வெப்பத்தை மட்டும் பார்த்தது என்றேன். உண்மைதான், ஆனால் முழுப் பதில் இல்லை. சூட்டில் ஸ்டார்ட் ஆகும்போது பெட்ரோல் குறைந்து கலவை லீனாவதற்குக் காற்று மட்டும் காரணமல்ல. இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொண்டுவரும் ஃப்யூயல் ரெயிலில் தேங்கிய பெட்ரோலும் சூடாகி, ஆவிக் குமிழி கட்டி, இன்ஜெக்டர் அதே அளவு நேரம் திறந்திருந்தாலும் குறைவாகவே இறங்குகிறது. அந்தக் குறையும் நான் வைத்த எண்ணுக்குள் சேர்ந்துவிட்டது. காற்றின் வெப்பம் என்று பெயர் போட்ட இடத்தில் பெட்ரோலின் வெப்பம் உட்கார்ந்திருக்கிறது. ஸ்டார்ட் ஆனதும் சில நொடிகளில் தேய்ந்து மறையும் கூடுதல் எரிபொருளாக அதைத் தனியே கொடுத்திருக்கலாம். தம்பியைப் பேசவிட்டிருந்தால் அந்த இடத்துக்கு அவனே வந்திருப்பானோ என்று தோன்றுகிறது. வண்டிக்காரர் முன்னால் இரண்டு பேரும் இரண்டு விதமாகப் பேசினால் அவர் யாரை நம்புவார் என்றும் தோன்றுகிறது.

வண்டி ஊட்டிக்குப் போய்வந்த பதிவு (லாக்) இப்போது கையில் இருக்கிறது. மேலே குளிரில் நிறுத்தி ஸ்டார்ட் செய்த இடத்தில் லேம்டா 0.95, ஆவி கட்டாத பெட்ரோலில் என் எண் விடும் எரிபொருள் அதிகம். எவ்வளவை எடுத்து எங்கே வைக்கலாம் என்று முதலில் நீ சொல் என்று தம்பியிடம் அதைக் கொடுத்திருக்கிறேன். எடுத்தால் கோவை வெயிலில் மறுபடி லீனாகும் என்ற பதில் என்னிடம் இப்போதே தயாராக இருக்கிறது.