அப்பாவுக்கு வாய்ப் புற்று: கரண்ட் வைக்கும் ஆறு வாரமும் அதற்கு முந்தைய நாட்களும்

பயாப்ஸி (புண்ணில் சதை எடுத்துப் பார்க்கும் பரிசோதனை) ரிப்போர்ட்டில் 'ஸ்குவாமஸ் செல் கார்சினோமா', அதாவது வாயின் உள்தோலில் தொடங்கும் புற்று, என்று வந்த அன்றைக்கே வீட்டில் முதல் வாக்குவாதம் தொடங்கிவிடும்: அப்பாவிடம் சொல்வதா, மறைப்பதா? சொல்லிவிடுங்கள். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடப்போவது அவர்தான். 'கரண்ட் வைப்பது' என்று பேச்சில் சொல்லும் கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவில் மற்ற நோயாளிகளோடு தினமும் உட்காரப்போவதும் அவர்தான். பக்கத்தில் இருப்பவர் வாயால் தெரிந்துகொள்வதைவிடப் பிள்ளைகள் வாயால் கேட்பது மேல். "வாயில இருக்குறது புத்துக்கட்டிப்பா. ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டு அப்புறம் கரண்ட் வைக்கணும்னு சொல்றாங்க." முதல் நாளைக்கு இவ்வளவு போதும். அடுத்த கேள்வியை அவர் கேட்கும்போது அடுத்த பதிலைச் சொல்லலாம்.

பயாப்ஸி எடுத்த இடத்தில் ரிப்போர்ட் தாளோடு நிற்காமல், எடுத்த சதை வைத்திருக்கும் கண்ணாடிச் சில்லையும் மெழுகு பிளாக்கையும் எழுதிக்கொடுத்து வாங்கி வையுங்கள். சிகிச்சை வேறு மருத்துவமனையில் என்றால் அங்கே அவற்றை மறுபடி பார்ப்பார்கள். கையில் இல்லாவிட்டால் புண்ணில் திரும்பவும் சதை எடுக்க வேண்டிவரும், நாளும் போகும். சி.டி. ஸ்கேனுக்கும் இதே கதைதான்: பிலிமை மட்டும் நம்பாமல் ஸ்கேன் பதிந்த குறுந்தட்டையும் கேட்டு வாங்க வேண்டும்.

செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. குடும்ப அட்டை, ஆதார், கிராம நிர்வாக அலுவலர் தரும் வருமானச் சான்று வேண்டும். திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையாக இருக்க வேண்டும். முன் அனுமதி வந்த பிறகே சிகிச்சை தொடங்க வேண்டும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ரயில் சலுகைப் படிவத்தை மருத்துவமனையிலேயே கேட்டு வாங்கலாம். ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் நோயாளிக்குக் கட்டணம் இல்லை. கூட வருகிற ஒருவருக்கு 75 சதவீதம் குறையும்.

கன்னத்தில் வரும் புற்றுக்குப் பெரும்பாலும் முதலில் அறுவை. கட்டியோடு கழுத்திலுள்ள நெறிக்கட்டிகளையும் எடுத்து, நெஞ்சிலிருந்தோ கையிலிருந்தோ தொடையிலிருந்தோ சதை எடுத்துக் கன்னத்தில் வைத்துத் தைப்பார்கள். நெறிக்கட்டியில் நோய் இருந்தாலோ கட்டி பெரிதாக இருந்தாலோ அறுவைக்குப் பின் கதிர்வீச்சு. அதை அறுவை முடிந்து ஆறு வாரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும். "புண் நல்லா ஆறட்டும், பண்டிகை முடியட்டும்" என்று வீட்டில் யார் சொன்னாலும் இந்தக் கணக்கை விடாதீர்கள்.

அந்த ஆறு வாரத்துக்குள் முடிக்க வேண்டியவற்றில் அதிகம் பேர் கோட்டைவிடுவது பற்களைத்தான். கதிர்வீச்சு பட்ட தாடை எலும்புக்கு இரத்த ஓட்டம் குறைந்துவிடும். பிறகு பல் பிடுங்கினால் குழி ஆறாமல் எலும்பே செத்துப்போகலாம். இந்த ஆபத்து சில மாதத்தில் போய்விடுவதில்லை, வாழ்நாள் முழுக்க இருக்கும். அதனால் ஆடும் பல், சொத்தைப் பல், ஈறு சீழ் எல்லாவற்றையும் முதல் கதிர்வீச்சுக்கு இரண்டு வாரமாவது முன்னால் எடுத்திருக்க வேண்டும். அறுவையின்போது மயக்கத்தில் இருக்கையிலேயே அவற்றை எடுத்துவிட முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். எடுக்க முடிந்தால் வலியும் மிச்சம், இரண்டு வாரமும் மிச்சம்.

அடுத்தது முகமூடி. வெந்நீரில் இளகும் பிளாஸ்டிக் வலையை முகத்தின் மேல் அழுத்தி அச்செடுப்பார்கள். தலை அசையாமல் இருக்கத்தான் இது. அன்றைக்கே தாடியை மழித்துவிட்டுப் போக வேண்டும். தாடியோடு அச்செடுத்துவிட்டுப் பிறகு மழித்தால் மூடி தளர்ந்துவிடும். எடை இறங்கினாலும் தளரும், கதிர்வீச்சுத் திட்டத்தை மறுபடி போட வேண்டியிருக்கும். எனவே எடைதான் கதிர்வீச்சு நடக்கும் ஆறு வாரத்தின் முதல் கவலை.

மொத்தம் 30 முதல் 33 நாள், வாரம் ஐந்து நாள், மேசையில் பத்துப் பதினைந்து நிமிடம். முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரியாது. "இவ்வளவுதானா" என்று தோன்றும். மூன்றாம் வாரம் வாய் வெந்து, உமிழ்நீர் பிசின்போல் இழுக்க ஆரம்பிக்கும். ஐந்தாம் வாரம் "போதும், ஊருக்குப் போயிடலாம்" என்பார். அங்கேதான் குடும்பம் உறுதியாக நிற்க வேண்டும். இடையில் நாள் விட்டால் மிச்சமிருக்கும் புற்று செல்கள் வேகமாகப் பெருகும், பிறகு கதிர்வீச்சைக் கூட்டி வைத்தாலும் அது முழுதாக ஈடாகாது. மெஷின் பழுதானால்கூட அந்த நாளை எப்படி ஈடுசெய்வார்கள் என்று கேளுங்கள். ஆறு மணி நேர இடைவெளி விட்டு ஒரே நாளில் இரண்டு முறை வைப்பதுண்டு.

கதிர்வீச்சு நாட்களை விடவைப்பது பெரும்பாலும் பட்டினிதான். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 1,800 கலோரியும் 70 கிராமுக்குக் குறையாத புரதமும் வேண்டும். வாயால் முடியாதபோது மூக்குவழி டியூப் போடச் சொன்னால் தயங்காதீர்கள். டியூப் போட்டால் கடைசிக் கட்டம் என்று உறவினர்கள் நினைப்பது தவறு. டியூபில் ஊற்றும் கஞ்சிக்கு: 200 மில்லி பால், இரண்டு மேசைக்கரண்டி ராகி மாவு, இரண்டு மேசைக்கரண்டி பால்பவுடர், ஒரு தேக்கரண்டி எண்ணெய். தண்ணீர் விட்டுக் காய்ச்சி மெல்லிய துணியில் வடிகட்டினால் ஒரு வேளைக்கு ஏறக்குறைய 300 கலோரி, 12 கிராம் புரதம். நாளுக்கு ஆறு வேளை. சிறுநீரக நோயோ சர்க்கரையோ இருந்தால் அளவை உணவியல் நிபுணர் மாற்றித் தருவார்.

ஊற்றும்முன் மூக்கின் நுனியில் டியூபின் அளவுக்குறி நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நகர்ந்திருந்தால் எதுவும் ஊற்றாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். தலையணை வைத்து நிமிர்த்தி உட்காரவைத்து, 50 மில்லி சிரிஞ்சின் தண்டை எடுத்துவிட்டுத் தானாக இறங்கவிடுங்கள், அழுத்தித் தள்ளாதீர்கள். இருமலோ மூச்சுத் திணறலோ வந்தால் உடனே நிறுத்த வேண்டும். முடிந்ததும் 30 மில்லி தண்ணீர் விட்டு, அரை மணி நேரமாவது படுக்கவிடாமல் வையுங்கள். அடைப்புக்குக் காரணம் பெரும்பாலும் சரியாகப் பொடிக்காத மாத்திரை. மெதுவாகக் கரையும் வகை மாத்திரையைப் பொடிக்கவே கூடாது. திரவ மருந்து கேளுங்கள்.

வாய்க்கு: ஒரு லிட்டர் ஆறவைத்த நீரில் ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி சமையல் சோடா. இரண்டு மூன்று மணிக்கொருமுறை கொப்பளித்துத் துப்ப வேண்டும், தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். ஆல்கஹால் கலந்த கடை மவுத்வாஷ் எரியும், வேண்டாம். வெள்ளைப் படலம் படிந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம்; மருந்து இருக்கிறது, டாக்டரிடம் காட்டுங்கள். கழுத்துத் தோலில் மஞ்சள், எண்ணெய், பவுடர் எதுவும் கூடாது. காலர் இல்லாத பருத்திச் சட்டை நல்லது.

கூடவே சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும் இருந்தால், ஏற்றும்முன் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு), இரத்த அணுக்கள் பார்த்தாக வேண்டும். காதில் ரீங்காரம் கேட்டாலும் சிறுநீர் குறைந்தாலும் உடனே சொல்ல வேண்டும். தைரியத்துக்கென்று லேகியம், கஷாயம் கொடுத்து ஏற்கெனவே சிரமப்படும் சிறுநீரகத்தை மேலும் வருத்தாதீர்கள். வீட்டில் தெர்மாமீட்டர் அவசியம்: 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் வந்துவிட்டால், பாரசிட்டமால் கொடுத்துக் காலைவரை காத்திருக்காமல் அந்த இரவே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வெள்ளணு குறைந்த உடம்பில் தொற்று சில மணி நேரத்தில் முற்றிவிடும்.

புகையிலையை ரிப்போர்ட் வந்த அன்றே நிறுத்த வேண்டும், வெற்றிலைக்குள் மறைத்து வைத்ததையும் சேர்த்து. இதில் மட்டும் வீட்டில் யாரும் இரக்கப்படக் கூடாது.

வாய்ப் பயிற்சியைக் கதிர்வீச்சு நடக்கும்போதே தொடங்குங்கள். தசை இறுகிய பிறகு திறப்பது கடினம். ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கி, வாய் திறக்கும் அளவுக்குப் பற்களுக்கு இடையே வைத்துச் சில நிமிடம் பிடிக்க வேண்டும், நாளுக்கு ஐந்து முறை. எத்தனை குச்சி போனது என்று நாட்காட்டியிலேயே எழுதுங்கள். குறைந்துகொண்டே போனால் அடுத்த முறை ஓ.பி.யில் அந்தத் தாளையே காட்டலாம். கதிர்வீச்சு முடிந்து ஆறு மாதத்துக்கொருமுறை டி.எஸ்.எச். என்ற தைராய்டு இரத்தப் பரிசோதனை பார்க்கவும் அப்போதே கேட்டு எழுதி வாங்குங்கள். கழுத்துக்கு வைத்த கதிர் தைராய்டையும் தொட்டிருக்கும். சோர்வு, குளிர், மலச்சிக்கல் என்று அப்பா சொல்வதெல்லாம் வயதினால் வந்தவையாக இருக்க வேண்டியதில்லை.