பரிசோதனைக்கு அனுப்பிய கட்டி

பேரக்குழந்தையின் வயிற்றிலிருந்து நான் எடுத்த கட்டியைத் தரும்படி அந்தப் பாட்டி கேட்டதை நான் மறுத்ததில் விதிப்படி குறையொன்றும் இல்லை. அறுத்தெடுத்த கட்டி நோய்க்குறியியல் ஆய்வகத்துக்குப் போயாக வேண்டும். ஆய்வு முடிந்து எஞ்சுவது 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகளின்படி அழிப்பதற்கான மஞ்சள் பைக்குப் போகும். ஆனாலும் அன்று நான் பதில் சொன்ன விதம் இன்னும் மனதை அரித்துக்கொண்டிருக்கிறது.

பிறந்த குழந்தையின் வயிற்றில் கட்டி என்றால் பெரும்பாலும் அது சிறுநீரகத்தைச் சேர்ந்ததாக இருக்கும். களியக்காவிளைக்கு இந்தப்புறம் எங்களிடம் வருபவையும் அப்படித்தான். இந்தக் குழந்தைக்கோ இரண்டு சிறுநீரகங்களும் நன்றாக இருந்தன. கட்டி முதுகுப்பக்கமாக ஒட்டி, வலது சிறுநீரகத்தைக் கீழே தள்ளியிருந்தது. சிலவகைக் கட்டிகளைக் காட்டிக்கொடுக்கும் ஏ.எஃப்.பி. என்ற ரத்தப் புரதத்தைப் பரிசோதித்துப் பயனில்லை, பிறந்த குழந்தைகளின் ரத்தத்தில் அது இயல்பாகவே மில்லிக்குப் பல்லாயிரம் நானோகிராம் இருக்கும், இறங்குவதற்கு மாதக்கணக்காகும். சி.டி. எடுத்த பிறகுதான் கட்டிக்குள் வரிசையாக நின்ற முதுகெலும்புத் துண்டுகளும் நீண்ட கால் எலும்பொன்றும் தெரிந்தன. பலவகைத் திசுக்கள் கலந்து வளரும் டெரட்டோமா என்ற கட்டியிலும் எலும்பு, பல், முடி எல்லாம் இருக்கலாம். முதுகெலும்பு இப்படி ஒழுங்காக அமைவதில்லை. ஐந்து லட்சம் பிரசவங்களுக்கு ஒன்று என்று பாடநூல்கள் கணக்கிடும் ‘கருவுக்குள் கரு’ அது.

மூன்று கிலோ குழந்தையின் உடலில் ஓடும் ரத்தம் மொத்தமே சுமார் 240 மில்லி. கட்டியின் உறையைக் கீழ்ப்பெருஞ்சிரை என்ற பெரிய ரத்தக்குழாயிலிருந்து பிரித்துக்கொண்டிருந்த நேரம் முழுவதும், இழந்த ரத்தத்தைக் கணக்கிட, நனைந்த காஸ் துணி ஒவ்வொன்றையும் சிஸ்டர் தராசில் வைத்து எடையை உரக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். கட்டி உறையோடு முழுதாக வந்தது. உள்ளே, வெண்மாவு படிந்த தோலுடன், தலையில்லாத உடல்; ஒரு காலில் விரல்கள் அரும்பியிருந்தன.

குழந்தையின் தகப்பன் பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர். அவர் ஒன்றும் கேட்கவில்லை. பாட்டிதான் கேட்டார்.

“அதுவும் எங்க பிள்ளதானா டாக்டரே?”

“இல்லம்மா, அது கட்டி.”

“கட்டிக்குக் கால் உண்டுமா?”

சம்மதக் கையெழுத்து வாங்கும்போது சி.டி. படத்தில் அந்தக் கால் எலும்பை விரல் வைத்துக் காட்டியவனே நான்தான். பதில் சொல்லாமல் நின்றேன்.

“எங்க கையில தந்திருங்க. தென்னை மூட்டுல வச்சுக்கிடுதோம்.”

“சட்டம் இடம் கொடுக்காதும்மா” என்றேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

‘கட்டி’ என்று சொன்னதற்கு என்னிடம் காரணம் இருந்தது. இதே நிலையில் அறுவை முடிந்து பின்னாளில் புற்றுநோய் தலைகாட்டிய குழந்தைகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றனர். ஆகவே திசுவைப் பல இடங்களில் வெட்டிப் பார்க்க வேண்டும், ஏ.எஃப்.பி. அளவை ஓரிரு ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்க வேண்டும். இறந்த இரட்டைப் பிள்ளை என்று நம்பி அடக்கமும் செய்துவிட்டால், மறுபரிசோதனைக்கு அவர்கள் ஏன் வர வேண்டும்? அன்று எனக்குத் தோன்றிய நியாயம் இது. ஆனால் அந்தத் தாய் ஒரு முறைகூடத் தவறாமல் குழந்தையைக் கொண்டுவருகிறாள், அதுவும் இரண்டு பேருந்து மாறி. நான் எதைச் சொல்லியிருந்தாலும் வந்திருப்பாள் என்றே இப்போது படுகிறது.

மேலும், ‘கட்டி’ என்பது முழு உண்மையா? ஒரே கருமுட்டையிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவர் மற்றவருக்குள் அடைபட்டதே இது என்பார் ஒரு சாரார். மிக முதிர்ந்த டெரட்டோமாதான் என்பார் மறு சாரார். நிபுணர்கள் இன்னும் முடித்துக்கொள்ளாத வழக்கை நான் வராந்தாவில் ஒரே வரியில் முடித்துவைத்தேன். சட்டத்தை இழுத்ததும் அவ்வளவு நேர்மையானதல்ல. நான் பயின்ற இடத்தில், சர்க்கரை நோயால் எடுத்த காலைக் குடும்பத்தார் எழுதிக் கொடுத்து வாங்கிப்போய் அடக்கம் செய்ததைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது எங்கள் சம்மதப் படிவத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: அகற்றும் திசுவை ஆய்வுக்குப் பின் என்ன செய்வது என்பது குறித்துக் குடும்பத்தார் விருப்பம் தெரிவிக்கலாம். இல்லாத துக்கத்தை நாமே கிளப்பிவிடுகிறோமே என்கிறார் என் இளைய சகா. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எல்லோரிடமும் அந்த வரியைப் படித்துக் காட்டுகிறேனா என்றால், இல்லை. யாரிடம் காட்டுவது என்பதை முகத்தைப் பார்த்து நானே தீர்மானித்துக்கொள்கிறேன்.