கேரேனாப்புக்: யோபு மகளின் பெயர்

வேதாகமப் பெயர்தான் வேண்டும் என்று பெண் குழந்தைக்குத் தேடுகிறவர்கள் எஸ்தர், ரூத், மிரியாம் என்று போய்விடுவார்கள், கேரேனாப்புக் பக்கம் ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. சரி, வாயில் நுழைய வேண்டாமா! ஆனாலும் எபிரெய வேதத்தில் யோபு 42:14-ல் மட்டும் வந்துவிட்டு மறைந்துபோகிற இந்தப் பெயர் மேல் எனக்கு ரொம்ப நாளாக ஒரு கண்.

கெரென் என்றால் கொம்பு, பூக் என்றால் கண்ணுக்கு இடும் மை, நடுவில் இருப்பது ஆங்கிலத்து 'the' மாதிரியான எபிரெயச் சுட்டு. மைக்கொம்பு. அந்தக் காலத்தில் மாட்டுக் கொம்பும் ஆட்டுக் கொம்பும் ஊற்றி வைக்கிற பாத்திரம்தான், சாமுவேல் தாவீதை அபிஷேகம் பண்ணப் போகும்போது எண்ணெயைக் கொம்பில்தான் நிரப்பிக்கொண்டு போகிறார். ஆக, மைச்சிமிழ் என்று வைத்துக்கொள்ளலாம். பூக் என்பதை அஞ்சனக்கல், அதாவது ஆண்டிமனி என்றுதான் அகராதிகள் சொல்லும், ஆனால் பழைய எகிப்தின் மைக்குப்பிகளில் ஒட்டியிருந்ததைச் சோதித்துப் பார்த்தபோது பெரும்பாலும் கிடைத்தது கலீனா என்கிற ஈயத்தாதுதான்.

கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர் மையைத் தூக்கிப் போட்டுவிட்டு 'அமல்தேயாவின் கொம்பு' என்று எழுதிவிட்டார். அமல்தேயா, கிரேக்கர்களின் தலைமைக் கடவுளான சீயசுக்குக் குழந்தையில் பால் கொடுத்த ஆடு, அதன் கொம்பிலிருந்து வேண்டியதெல்லாம் வந்துகொண்டே இருக்கும் என்பது கிரேக்கர்கள் கதை. யோபுவின் மகளுக்குக் கிரேக்கப் புராணத்திலிருந்து பெயர் வைத்த துணிச்சலை என்னவென்று சொல்வது! வேதாகமத்தை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம் ஒழுங்காக 'மையின் கொம்பு' என்றே எழுதினார். (அதே ஜெரோம்தான் மோசேயின் முகம் பிரகாசித்தது என்ற இடத்தில், இதே வேர்ச்சொல்லைப் பார்த்து, முகத்தில் கொம்பு இருந்தது என்று எழுதினார். ரோமில் மைக்கலாஞ்சலோ செதுக்கிய மோசேக்குத் தலையில் இரண்டு கொம்பு இருப்பது அந்த வழியில் வந்ததுதான்.)

ஆனால் என்னை இந்தப் பெயரில் இழுத்தது வேறு. வேதாகமத்தில் கண்மைக்கு நல்ல பெயரே கிடையாது. பொல்லாத ராணி யேசபேல் சாகப்போகிற நேரத்தில் கண்ணுக்கு மையிட்டுக்கொண்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறாள், எரேமியா 4-ல் எருசலேமைத் திட்டும்போது நீ என்னதான் மையிட்டுக்கொண்டாலும் உன் காதலர்கள் உன்னை வெறுப்பார்கள் என்று வருகிறது. இரண்டு இடத்திலும் இதே பூக்தான். யோபு புத்தகத்தில் மட்டும் ஒரு அப்பா அதை மகளுக்கே பெயராக வைக்கிறார், அதை யாரும் குறை சொல்லவில்லை.

அதுவும் எப்பேர்ப்பட்ட அப்பா. ஏழு மகன், மூன்று மகள் என்று பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் இழந்து, உடம்பெல்லாம் பருவோடு சாம்பலில் உட்கார்ந்து ஓட்டால் சுரண்டிக்கொண்டு, கடவுளிடமே நியாயம் கேட்ட மனிதர். கடைசியில் மறுபடியும் ஏழு மகன், மூன்று மகள். ஏழு பையன்களில் ஒருவன் பெயர்கூட எழுதப்படவில்லை, பெண்கள் பெயர் மட்டும் மூன்றும் இருக்கிறது: எமீமாள், கெத்சீயாள், கேரேனாப்புக். முதல் பெயரைப் புறா என்பார்கள், பகல் என்பவர்களும் உண்டு. இரண்டாவது பட்டை வகையைச் சேர்ந்த ஒரு வாசனைப் பொருள். தானியேல், ஏசாயா மாதிரி கடவுள் பெயர் ஒட்டிக்கொண்ட பெயர் ஒன்றுகூட இல்லை. அவ்வளவு வாக்குவாதத்துக்கு அப்புறம் அந்த மனிதர் வாசனையையும் மையையும் பெயராக்கியது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

பெயரோடு நிற்கவுமில்லை. எண்ணாகமம் 27-ன்படி, மகன் இல்லாத வீட்டில்தான் சொத்து மகளுக்குப் போகும், செலொப்பியாத்தின் மகள்கள் மோசே வரை போய்க் கேட்டு வாங்கிய உரிமை அது. இங்கே ஏழு அண்ணன் தம்பிகள் குத்துக்கல்லாக இருக்கும்போதே யோபு பெண்களுக்கும் பங்கு எழுதி வைக்கிறார்.

பிற்காலத்தில் இந்தப் பெயரை முழுசாக வைத்துக்கொண்டவர்கள் ஆங்கிலம் பேசும் புராட்டஸ்டண்டுகள்தான். அமெரிக்கச் சுதந்திரப் போரில் காயம்பட்ட மகனைப் பராமரிக்கத் தொலைதூரம் குதிரையில் போனதாகச் சொல்லப்படும் கேரன்ஹாப்புக் டர்னருக்கு, வட கரோலினாவில் கில்ஃபோர்டு கோர்ட்ஹவுஸ் போர்க்களத்தில் 1902-ல் வைத்த சிலை இருக்கிறது. இன்றைய இஸ்ரேலில் கெரென் மட்டும் சாதாரணமாகப் புழங்கும் பெண் பெயர், ஒளிக்கதிர் என்று பொருள் சொல்வார்கள், மையைக் காணோம். அப்புறம் ஆங்கிலத்தில் புழங்கும் கேரன் வேறு, அது கேத்தரின் டேனிஷ் மொழியில் சுருங்கி வந்தது, இரண்டையும் ஒன்றாகப் போட்டிருக்கும் பெயர்ப் பட்டியல்களை நம்ப வேண்டாம்.