ஊரடங்குக் காலத்தில் லண்டன் கால்வாயில் படகு வாழ்க்கை: எங்கள் அனுபவம்

2020 மார்ச் 23 இரவு பிரதமர் போரிஸ் ஜான்சன் தொலைக்காட்சியில் தோன்றி, எல்லாரும் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று அறிவித்தார். எங்கள் வீடு 57 அடி நீளமும் ஏழடிக்குக் கொஞ்சம் குறைவான அகலமும் உள்ள ஓர் இரும்புப் படகு. அப்போது லண்டனின் மேற்குப் பகுதியில் பெரிவேல் என்ற இடத்தில், ஹார்சென்டன் குன்றுக்குக் கீழே, கிராண்ட் யூனியன் கால்வாயின் பேடிங்டன் கிளையில் அதைக் கரையோடு கட்டி நிறுத்தியிருந்தோம். அதுவரை எங்களைக் கட்டுப்படுத்திய விதி நேர் எதிரானது: ஒரே இடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 2,000 மைல் நீர்வழிகளைக் கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை நிர்வகிக்கிறது. படகுக்கு உரிமம் வேண்டுமென்றால் நிரந்தரமாகக் கட்டிவைக்க ஓர் இடம் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் தொடர்ந்து பயணத்தில் இருக்க வேண்டும். 1995ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் சட்டத்தில் உள்ள ஏற்பாடு இது. லண்டனில் நிரந்தர இடம் குதிரைக்கொம்பு. அதனால் எங்களைப் போல ஏராளமான குடும்பங்கள் நகர்ந்துகொண்டே குடித்தனம் நடத்துகின்றன. ஊரடங்கு வந்ததும் டிரஸ்ட் அந்த 14 நாள் விதியை நிறுத்திவைத்தது. தண்ணீர் பிடிக்க, கழிவைக் கொட்ட, இப்படி அவசியத்துக்கு மட்டும் படகை எடுங்கள், மற்றபடி நிற்கும் இடத்திலேயே நில்லுங்கள் என்றது.

"எல்லாரையும் வீட்டுக்குள்ள இருக்கச் சொல்றாங்களாமே, நீங்க தண்ணி மேல இருக்கீங்களேப்பா" என்று அம்மா கும்பகோணத்திலிருந்து போனில் அழுதார். உள்ளே அடுப்பு இருக்கிறது, கட்டில் இருக்கிறது, குளியலறை இருக்கிறது என்று எத்தனை முறை சொன்னாலும் அவருக்குச் சமாதானம் ஆகவில்லை. அவர் பயம் முழுக்கத் தவறும் இல்லை. கட்டட வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டால் தண்ணீர் தானாக வரும், கழிவு தானாகப் போகும். படகில் இரண்டையும் நாம்தான் சுமக்க வேண்டும்.

என் மனைவி செவிலியர், ஹாரோ பக்கம் ஒரு மருத்துவமனையில் வேலை. நான் மடிக்கணினியில் வேலை பார்ப்பவன். ஆக, வீட்டிலேயே இருக்கும் உத்தரவு எனக்கு மட்டும்தான். அவள் ஒவ்வொரு முறை வேலை முடிந்து வந்ததும் தலையோடு குளித்தாக வேண்டும். முன்பக்கம் இருக்கும் எங்கள் தண்ணீர்த் தொட்டி சுமார் 400 லிட்டர்தான் பிடிக்கும். ஷவரைத் திறந்துவிட்டால் சீக்கிரமே வறண்டுவிடும் என்று, ஊரில் போல வாளியில் சுடுதண்ணீர் பிடித்து மொண்டு குளிக்க ஆரம்பித்தோம். சீருடையை மருத்துவமனையிலேயே மாற்றிவிட்டு வருவாள். வந்த துணியை ஒரு பையில் கட்டிப் பின்தளத்திலேயே வைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைவாள்.

தண்ணீர்க் குழாயும் கழிவு கொட்டும் இடமும் எல்லாருக்கும் பொது. படகுவாசிகள் எல்லாரிடமும் ஒரே மாதிரிச் சாவிதான் இருக்கும், நாடு முழுக்க அது திறக்கும். அந்தப் பூட்டு, குழாயின் பித்தளைத் தலை, கழிவுத் தொட்டியின் மூடி, கழுவிவிடும் குழாயின் பிடி எல்லாவற்றையும் எத்தனையோ கைகள் தொடும். சோப்புத் தண்ணீர் ஒரு போத்தலில், கையுறை ஒரு பெட்டியில் என்று சாவியோடு சேர்த்துக் கட்டிவைத்துவிட்டேன். குழாய்க்குப் போவதில் இன்னொரு சிக்கல் உண்டு. இவ்வளவு நீளமான படகை நினைத்த இடத்தில் திருப்ப முடியாது. கால்வாயை அகலமாக வெட்டிவைத்திருக்கும் இடம் வரை போய்த்தான் திருப்ப வேண்டும். திரும்பி வருவதற்குள் நம் இடத்தில் வேறு படகு நிற்கும். எங்கள் வரிசையில் இதற்கு ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். ஒரு படகு போனால் எல்லாருடைய காலிக் கேன்களையும் ஏற்றிக்கொண்டு போகும், அது வரும்வரை மற்றவர்கள் இடத்தைப் பார்த்துக்கொள்வார்கள். வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கினோம். அதுவரை தலையசைத்து வணக்கம் சொல்வதோடு சரி. நகர்ந்துகொண்டே இருப்பவர்களுக்கு நிலையான அக்கம்பக்கம் ஏது? விதி நின்றுபோனதால்தான் எங்களுக்கு ஒரு தெரு கிடைத்தது.

கரைப்பாதையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஒரு காலத்தில் படகை இழுத்த குதிரைகள் நடந்த பாதை அது. பல இடங்களில் இரண்டு மீட்டர் அகலம்கூட இருக்காது. 2020 வசந்தம் பிரிட்டனில் அதுவரை பதிவான வசந்தங்களிலேயே அதிக வெயில் கண்டது. ஒரு விதத்தில் எங்களுக்கு அது பேருதவி. கூரையிலிருக்கும் சூரியத் தகடுகளே மடிக்கணினிக்கும் குளிர்பெட்டிக்கும் போதுமான மின்சாரம் தந்தன, என்ஜினை ஓட்டி பேட்டரியை நிரப்பும் தேவை குறைந்தது. ஆனால் அதே வெயிலுக்கு, உடற்பயிற்சிக்கு வெளியே வர அனுமதி பெற்ற ஊர் முழுவதும் எங்கள் ஜன்னலோரம்தான் நடந்தது. மூச்சிரைக்க ஓடுபவரின் முகத்துக்கும் எங்கள் சமையல் மேடைக்கும் நடுவே ஒரு கை நீளம்தான். கால்வாயோரம் கூட்டம் சேர வேண்டாம், படகுகளில் மக்கள் குடியிருக்கிறார்கள் என்று டிரஸ்ட் கேட்டுக்கொண்டது. நாங்களும் அட்டையில் எழுதிக் கூரையில் சாய்த்துவைத்தோம். பாதிப் பேர் படித்துவிட்டு ஒதுங்கிப் போனார்கள். கரைப் பக்கத்து ஜன்னல்களை மூடி, தண்ணீர்ப் பக்கத்து ஜன்னல்களை மட்டும் திறந்துவைத்துக்கொண்டு அந்த வெயிலைக் கழித்தோம். இரும்புக் கூடு எப்படிக் கொதிக்கும் என்று அங்கே இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஏப்ரலில் ஒரு நாள் இரவு வேலை முடிந்து வந்த மனைவி உள்ளே வராமல் பின்தளத்திலேயே நின்றாள். "ஏங்க, இருமலா இருக்கு. நீங்க முன்பக்கமே இருங்க, கிட்ட வராதீங்க" என்றாள்.

அன்றைய விதிப்படி அறிகுறி உள்ளவர் 7 நாளும் கூட இருப்பவர் 14 நாளும் வெளியே போகக் கூடாது. படகு என்பது ஒரு நீண்ட தாழ்வாரம். படுக்கையறை பின்னால், சமையலும் சாய்விருக்கையும் முன்னால், குளியலறை நடுவில். இரண்டு முனையிலும் கதவு இருந்தது நல்லதாகப் போயிற்று. அவள் பின்கதவு, நான் முன்கதவு. குளியலறையை அவள் பயன்படுத்திய பிறகு ஜன்னலைத் திறந்துவிட்டு, நேரம் கழித்து நான் துடைத்துவிட்டுப் போவேன். சாப்பாட்டை நடுக்கதவுக்கு முன்னால் வைத்துவிட்டுத் தட்டுவேன்.

எங்களுக்கு வெளிப்பக்கமாக இன்னொரு படகு எங்கள் படகோடு சேர்த்துக் கட்டியிருந்தது. லண்டனில் இடம் போதாததால் இப்படி இரண்டிரண்டாகக் கட்டுவது வழக்கம். அதில் இருந்த பெண் கரைக்குப் போக வேண்டுமென்றால் எங்கள் முன்தளத்தில் கால் வைத்துத்தான் தாண்ட வேண்டும். நாங்கள் தனிமைப்பட்டபோது அது முடியாது. மறுநாள் காலையில் வரிசையில் இருந்தவர்கள் வந்தார்கள். என்ஜினைப் போடவில்லை. ஒவ்வொரு படகாகக் கயிற்றை அவிழ்த்து, கரையில் நின்று கையாலேயே இழுத்தார்கள். பதினைந்து டன்னுக்கு மேல் இருக்கும் இரும்பு, தண்ணீரில் மிதப்பதால் பொறுமையாக இழுத்தால் ஒரு ஆளுக்கே அசைந்து கொடுக்கும். இங்கே ஒரு முழம், அங்கே ஒரு முழம் என்று நெருக்கிக் கட்டி, அந்தப் பெண்ணின் படகுக்குக் கரையோரமாக இடம் உண்டாக்கிக் கொடுத்தார்கள்.

தண்ணீர் கேன்களை எங்கள் முன்தளத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொள்வார்கள், நான் புனல் வைத்துத் தொட்டியில் ஊற்றுவேன். அப்புறம், சொல்லவே தயங்கும் விஷயம். எங்கள் கழிவறையில் இருப்பது கழற்றி எடுக்கும் தொட்டி, நிரம்பியதும் கொண்டுபோய்க் கொட்டியாக வேண்டும். நாங்கள் வெளியே போக முடியாது. முன்படகில் இருந்த தச்சர், இருபத்தைந்து வயதுகூட இருக்காது, கேட்காமலேயே கையுறை மாட்டிக்கொண்டு வந்து, "அதைப் பின்னால் வைத்துவிடுங்கள், நான் எடுத்துக்கொள்கிறேன்" என்றார். கழுவிக் கொண்டுவந்தும் வைத்தார். நோய்க்குப் பயந்து உலகமே ஒதுங்கியிருந்த நேரத்தில், சொந்தபந்தம்கூடத் தயங்கும் வேலையை எந்தப் பேச்சும் இல்லாமல் செய்தார். எனக்கு நன்றி சொல்ல வார்த்தை வரவில்லை. மனைவிக்குத் தேறியதும் முதலில் செய்தது அவர்கள் படகுக் கூரையில் ஒரு தூக்கு நிறையச் சாம்பார்சாதம் வைத்ததுதான்.

அரிசி பருப்புக்கு எங்களுக்குக் குறை வரவில்லை. கால்வாயோரமாகக் கொஞ்ச தூரம் போனால் ஆல்பர்ட்டன். ஈழத்தமிழர் கடைகள் உள்ள இடம். ஒரு கடைக்காரர் போனில் கேட்டுக்கொண்டு மூட்டையைப் பாலத்தடிக்கே கொண்டுவந்து கொடுப்பார். ஆங்கிலப் பல்பொருள் அங்காடிகளின் வீட்டு விநியோகம்தான் பெரிய பாடு. முகவரி கேட்கும், எங்களிடம் முகவரி கிடையாது. பக்கத்துச் சாலையின் அஞ்சல் குறியீட்டைப் போட்டு, குறிப்பில் பாலத்தின் பெயரை எழுதி, ஓட்டுநர் வரும் நேரத்தில் பாலத்தின் மேல் போய் நிற்போம். எரிபொருள் படகுகள் ஊரடங்கிலும் ஓடியதால் டீசலும் சமையல் வாயுவும் தடைப்படவில்லை. சிலிண்டரைக் கூரையில் வைத்துவிட்டுப் போவார்கள், பணத்தை வங்கியில் அனுப்பிவிடுவோம்.

முகவரி இல்லாததன் முழு விலையையும் கண்டது பின்படகில் இருந்த பெரியவரிடம்தான். எழுபது தாண்டியவர், நுரையீரல் நோய் உள்ளவர். அரசு, நோய்ப் பாதிப்பு அதிகம் வரக்கூடியவர்களைப் பட்டியலெடுத்துக் கடிதம் அனுப்பியது. கடிதம் உள்ளவர்களுக்கு உணவுப் பெட்டி, கடைகளில் முன்னுரிமை. அவர் பெயர் பதிவாகியிருந்ததோ நார்த்தாம்ப்டன்ஷயரில், பல வருடத்துக்கு முன் அவர் படகு நின்ற ஒரு சிற்றூர் மருத்துவரிடம். கடிதம் அவருடைய தங்கை வீட்டுக்குப் போய்க் கிடந்தது. இங்கே பக்கத்திலிருந்த குடும்ப மருத்துவர் நிலையத்துக்கு போன் செய்து பதிவு கேட்டால், மின்கட்டண ரசீது காட்டுங்கள் என்றார்கள். படகில் ஏது மின்கட்டண ரசீது?

என் மனைவிதான் வழி கண்டுபிடித்தாள். தேசியச் சுகாதாரச் சேவையின் விதிப்படி, மருத்துவரிடம் பதிவுசெய்ய முகவரிச் சான்று கட்டாயமில்லை. நிலையான முகவரி இல்லாதவரை அந்த மருத்துவர் நிலையத்தின் முகவரியிலேயே பதிந்துகொள்ளலாம். இணையத்தில் இருந்த அந்த வழிகாட்டிப் பக்கத்தை மருத்துவமனையில் அச்செடுத்து வந்தாள். அதை இணைத்து எழுத்துமூலம் விண்ணப்பித்தோம். மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தாருங்கள் என்றும் கேட்டோம். அதற்குப் பிறகு பதிவு நடந்தது. படகில் இருக்கும் தமிழர் யாராவது இதைப் படித்தால், வேறு எதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வியாழன் இரவு எட்டு மணிக்கு நாடு முழுக்க மருத்துவ ஊழியர்களுக்காகக் கைதட்டினார்கள். எங்கள் வரிசையில் எல்லாப் படகும் ஹாரனை அழுத்தும். அந்தப் பழைய பித்தளை ஹாரன்களின் சத்தம் குன்றுவரை போகும். மனைவி அதைக் கேட்டு ஒருமுறை அழுததை நான் பார்த்தேன். பாதுகாப்பு உடை போதாமல் வேலைசெய்த நாட்கள் அவை. கைதட்டலைவிட உடை வந்திருக்கலாம் என்று அவள் சொன்னதும் நியாயம்தான்.

ஜூனில் மறுபடி நகர அனுமதி வந்தது. லண்டனுக்குள் ஓடும் இன்னொரு கால்வாயான ரீஜண்ட்ஸ் கால்வாய் 1820 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. இருநூறாம் ஆண்டைப் பெரிதாகக் கொண்டாட நினைத்திருந்தவர்கள் பலர், ஆகஸ்ட் அமைதியாகக் கடந்துபோனது. நாங்கள் வடக்கே ரிக்மன்ஸ்வொர்த் வரை போய் வந்தோம். நவம்பரில் மறுபடி ஊரடங்கு, ஜனவரியில் இன்னொன்று. இந்த முறை யாரும் சொல்லாமலேயே குழுவில் பேசிவைத்துக்கொண்டு அக்ஸ்பிரிட்ஜ் பக்கம் அருகருகே கட்டினோம். பெரியவர் படகு வேண்டுமென்றே எங்களுக்கு அடுத்து.

குளிர்கால ஊரடங்கு வேறு ரகம். சூரியத் தகடு உதவாது, என்ஜினை ஓட்டியாக வேண்டும், கரி அடுப்பு அணையக் கூடாது. 2021 பிப்ரவரி இரண்டாம் வாரம் கால்வாய் உறைந்தது. பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு படகை ஓட்டினால் அதன் கூர்மையான விளிம்பு கட்டியிருக்கும் படகுகளின் கறுப்புப் பூச்சைச் சுரண்டிவிடும் என்பதால் யாரும் நகரவில்லை. தண்ணீரைத் தள்ளுவண்டியில் வைத்துக் கரைப்பாதை வழியே இழுத்து வந்தோம். முதல் பங்கு பெரியவருக்கு. காலையில் அவர் புகைபோக்கியில் புகை வருகிறதா என்று பார்ப்பது எங்கள் எல்லாருக்கும் பழக்கமாகிவிட்டது.

அந்த மாதமே அவருக்குத் தடுப்பூசி அழைப்பு வந்தது, குறுஞ்செய்தியாக, அவர் கைப்பேசிக்கே. பதிவு சரியாக இருந்ததால்தான் அது வந்தது. 45 வயது தாண்டியவர்களுக்கு ஏப்ரலில் திறந்தபோது நானும் போட்டுக்கொண்டேன். 14 நாள் விதி மறுபடி அமலுக்கு வந்ததும் ஒவ்வொருவராகக் கயிற்றை அவிழ்த்தோம். தச்சரும் அவர் துணைவியும் கென்னட் அண்ட் ஏவன் கால்வாய்க்குப் போனார்கள். பெரியவர் பிரான்ஸ்டன் பக்கம் போய்ச் சேர்ந்ததும் போன் செய்தார். அங்கே ஒரு இளம் படகுக்காரிக்கு மருத்துவர் பதிவு கிடைக்கவில்லையாம். நாம் அன்றைக்கு எழுதிய கடிதத்தின் நகல் இருக்கிறதா என்று கேட்டார். அன்று மாலையே அனுப்பிவிட்டேன்.