ஆஸ்திரியாவில் ஐந்து இரவு: அக்டோபர்ஃபெஸ்ட் போன கதை

பாண்டியன் எக்ஸ்பிரஸில் இரவு முழுக்க வந்து, எழும்பூரில் குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு, ஜெர்மனி விசா விண்ணப்ப மையத்தின் கவுண்டர் முன்னால் நாங்கள் உட்கார்ந்தது 2025 ஜூலை 8ஆம் தேதி. பத்தே நிமிடத்தில் அங்கிருந்த பெண் எங்கள் கோப்பைத் திருப்பித் தள்ளினார். "இது இங்க வராது சார். ஆஸ்திரியாவுக்குப் போடுங்க." ஏன் என்று கேட்டேன். "செக்லிஸ்ட் பாருங்க சார்" என்றவர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்.

நாங்கள் போக நினைத்தது ஜெர்மனியின் மியூனிக் நகரில் நடக்கும் அக்டோபர்ஃபெஸ்ட் பீர் விழாவுக்கு. நான், பள்ளிக்கூட நாளிலிருந்து கூட இருக்கும் நண்பன் ஒருவன், என் மச்சினன். மூவருக்குமே ஐரோப்பா முதல் தடவை. எங்கள் ஆலைக்கு இயந்திரம் பொருத்த வந்த மியூனிக்காரர் ஒருவர் சொல்லித்தான் ஆசை பிறந்தது. அவர் அக்டோபர்ஃபெஸ்ட் என்று சொல்லவே மாட்டார், அவருக்கு அது 'வீஸ்ன்'. இளவரசர் லூட்விக்குக்கும் தெரேசாவுக்கும் 1810 அக்டோபரில் நடந்த கல்யாணக் கொண்டாட்டம்தான் அதன் தொடக்கம், அந்தப் பெண்ணின் பெயரால்தான் மைதானத்துக்கே தெரேசியன்வீஸ என்று பெயர், பெயரில் அக்டோபர் இருந்தாலும் விழாவின் பெரும்பகுதி செப்டம்பரில் முடிந்துவிடும் என்றெல்லாம் டீக்கடையில் நின்றபடி சொல்லுவார்.

சரி, கவுண்டருக்கு வருவோம். நாங்கள் கேட்டது ஷெங்கன் விசா, அந்த ஒரே விசாவில் ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் போகலாம். வெளியே வந்து நின்றபோது, மகனின் மேல்படிப்பு விசாவுக்காக வந்திருந்த பெரியவர் ஒருவர் எங்கள் பயணத் திட்டத்தை வாங்கிப் பார்த்து விரல் விட்டு எண்ணினார். மியூனிக் 4 இரவு. சால்ஸ்பர்க் 2, வியன்னா 3. செக் நாட்டின் பிராக் 3. "தம்பி, ஜெர்மனி நாலு. சால்ஸ்பர்க்கும் வியன்னாவும் ஒரே நாடு, ஆஸ்திரியா அஞ்சு. எந்த நாட்டுல அதிக ராத்திரி தங்குறீங்களோ அவங்ககிட்டதான் விசா கேக்கணும். சமமா இருந்தா முதல்ல எங்க இறங்குறீங்களோ அங்க." கவுண்டரில் ஒரு வரியில் முடிந்திருக்க வேண்டிய விளக்கம் இது. மதுரையில் பணம் வாங்கிக்கொண்டு இந்தத் திட்டத்தைப் போட்டுக் கொடுத்த ஏஜென்டுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். அவர் நகரங்களைத்தான் எண்ணினார், நாடுகளை எண்ணவில்லை. முக்கிய நோக்கமே மியூனிக் என்று வாதாட விதியில் இடம் இருக்கிறது. ஆனால் அந்த வாதத்தில் மூன்று பேரின் விசாவைப் பணயம் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

மூன்று பேரின் ரயில் செலவும் ஒரு நாள் விடுப்பும் போயின. அடுத்த நேரம் ஜூலை 29க்குத்தான் கிடைத்தது. பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். செப்டம்பர் பயணத்துக்கு மார்ச்சிலேயே போயிருக்கலாம். ஜூலையில் மாணவர்கள், கோடைச் சுற்றுலாக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து வரிசையில் நிற்கிறார்கள்.

திரும்பி வரும்போது ரயிலிலேயே திட்டத்தை மாற்றினேன். சால்ஸ்பர்க் தங்கலை எடுத்துவிட்டு அந்த இரண்டு இரவையும் ஜெர்மனிக்குக் கொடுத்தேன். ஜெர்மனி 6, செக் 3, ஆஸ்திரியா 3. சால்ஸ்பர்க்கைக் காலையில் போய் மாலையில் திரும்பும்படி வைத்துக்கொண்டேன். ஆனால் சால்ஸ்பர்க் விடுதியை 'ரத்து செய்தால் பணம் திரும்பாது' என்ற மலிவுக் கட்டணத்தில் எடுத்துத் தொலைத்திருந்தோம். விசா கைக்கு வரும்வரை ரத்து செய்யக்கூடிய அறைகளை மட்டும் எடுங்கள். இருபது யூரோ கூடுதலானாலும் பரவாயில்லை.

அப்புறம் இனிஷியல் பிரச்சினை. நண்பன் இரும்புக் கடை வைத்திருக்கிறான். வங்கிக் கணக்கில் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் முழுதாக விரிந்து குடும்பப் பெயர் இடத்தில் நிற்கிறது. நம் ஊரில் யாரும் இதைக் கண்டுகொள்வதில்லை. குடும்பப் பெயரை வைத்தே ஆளைத் தேடும் ஊர்க்காரர்களுக்கு இவை இரண்டு மனிதர்கள். ஜூலை 8 அன்று அதே மையத்துக்கு வந்திருந்த ஒருவருக்கு இதே காரணத்துக்காகத் தாளைத் திருப்பிக் கொடுத்ததைப் பார்த்ததால் முன்கூட்டியே உஷாரானோம். இரண்டும் ஒருவரே என்று வங்கி மேலாளரிடம் தலைப்புத் தாளில் கடிதம், கணக்கு அறிக்கையின் ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை, கையெழுத்து. மேலாளர் நான்கு நாள் அலைக்கழித்தார். ஐந்தாம் நாள் நண்பனின் அம்மாவே போய் உட்கார்ந்துவிட்டார், அரை மணி நேரத்தில் கடிதம் கிடைத்தது. விமான டிக்கெட், காப்பீடு எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் இருக்கிற எழுத்துதான் இருக்க வேண்டும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு.

அந்த ஏஜென்ட் இன்னொன்றும் சொல்லியிருந்தார்: "பீர் திருவிழான்னு எழுதிராதீங்க, ரிஜெக்ட் பண்ணிருவான்." இது சுத்தப் பொய். முகப்புக் கடிதத்தில் அக்டோபர்ஃபெஸ்ட் பார்க்கத்தான் போகிறோம் என்று தேதியோடு நேராக எழுதினேன். ஏன் ஜெர்மனி விசா கேட்கிறோம் என்பதற்கு அதைவிட நல்ல காரணம் எது? இரண்டாம் முறை கவுண்டரில் இருபது நிமிடம்கூட ஆகவில்லை. ஆளுக்கு 90 யூரோ கட்டணம், கைரேகை, படம், முடிந்தது. பதினாறாம் நாள் மூன்று பாஸ்போர்ட்டும் கைக்கு வந்தன. உறையைப் பிரித்த மச்சினன் கடைத்தெரு என்றும் பார்க்காமல் என்னைக் கட்டிக்கொண்டான்.

தங்குமிடத்திலும் அடி விழுந்தது. ஜனவரியிலேயே மியூனிக்கில் ஒரு சிறு வீட்டை இணையம் வழியாக எடுத்திருந்தேன். மே மாதம் 'பராமரிப்பு வேலை' என்று உரிமையாளர் ரத்து செய்தார். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அதே வீடு, அதே தேதி, ஏறக்குறைய மூன்று மடங்கு வாடகைக்கு நிற்கிறது. புகார் கொடுத்தேன், பணம் திரும்பியது, வீடு திரும்பவில்லை. விழா நாள்களில் மியூனிக்கில் அறை வாடகை அப்படித்தான் ஏறும். கடைசியில் ஆக்ஸ்பூர்க் என்ற பக்கத்து ஊரில் அறை எடுத்தோம். ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் மியூனிக். இன்னொரு முறை போனாலும் அங்கேதான் தங்குவேன். ஏழைகளுக்காக ஃபுக்கர் என்ற வணிகக் குடும்பத்தார் 1521இல் ஏற்படுத்திய குடியிருப்பு அந்த ஊரில் இன்றும் இருக்கிறது. வருட வாடகை ஒரு யூரோகூடக் கிடையாது. 500 வருடமாகக் காப்பாற்றிவரும் சொல்! பயணத்தில் என் மனதை அதிகம் தொட்ட இடங்களில் அது ஒன்று.

விழாவுக்கு நுழைவுச் சீட்டே கிடையாது. மைதானத்துக்குள் போவதும், அங்கிருக்கும் 14 பெரிய கூடாரங்களுக்குள் போவதும் இலவசம். பணம் கட்டி முன்பதிவு செய்வது மேசைக்கு. அதுவும் பெரும்பாலும் எட்டு, பத்துப் பேருக்கான முழு மேசை. கூடாரக்காரர்களிடம் நேராகக் கேட்டால் மேசைக்குத் தனி வாடகை இல்லை, சாப்பாட்டுக்கும் பீருக்கும் கூப்பன் வாங்கினால் போதும். மூன்று பேருக்கு யாரும் மேசை தர மாட்டார்கள். இது தெரியாமல் மறுவிற்பனைத் தளம் ஒன்றில் ஆளுக்கு 200 யூரோவுக்கு மேல் கட்டப் போனேன். "மாமா, மூணு பேர் வார நாள்ல காலையில போனா சும்மாவே உக்காரலாம்னு போட்டிருக்கு" என்று மச்சினன்தான் தடுத்தான்.

அவன் சொன்னதன் பாதியை மட்டும் காதில் வாங்கியதால் ஒரு நாள் வீணானது. செப்டம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை காலை மியூனிக்கில் இறங்கினோம். பாரம்பரிய உடை அணிந்தவர்களின் பெரிய ஊர்வலம் நடக்கும் ஞாயிறு அது. நகரமே தெருவில் நின்றது. ஆக்ஸ்பூர்க் போய்ப் பையை வைத்துவிட்டு வரலாம் என்று நான் சொன்னேன். நண்பன் கேட்கவில்லை. "மாப்ள, இவ்வளவு தூரம் வந்துட்டோம், ஒரு எட்டுப் பாத்துட்டுப் போயிரலாம்." மூன்று லிட்டருக்கு மேல் கொள்ளளவுள்ள எந்தப் பையும் மைதானத்துக்குள் போகாது, முதுகுப்பை எதுவானாலும் சந்தேகம்தான். வாசலில் திருப்பிவிட்டார்கள். மத்திய ரயில் நிலையத்தில் பை வைக்கும் பெட்டகம் ஒன்றுகூடக் காலி இல்லை. ஒருவர் பையோடு வெளியே நிற்க, மற்ற இருவர் உள்ளே போய்ப் பார்த்தால், கதவு கதவாக ஒரே பலகை: நிரம்பிவிட்டதால் மூடப்பட்டது. கூடாரத்துக்குள் இடம் கிடைத்தால்தான் அங்கே பீர், நின்றுகொண்டு கேட்டால் பெரும்பாலும் பரிமாற மாட்டார்கள். தூக்கக் கலக்கத்தோடு, சர்க்கரை பூசி வறுத்த பாதாம் ஒரு பொட்டலம் மட்டும் வாங்கிக்கொண்டு ஆக்ஸ்பூர்க்குக்கு ரயில் ஏறினோம். யாரும் பேசவில்லை.

மறுநாள் திங்கள், காலை 10.30 மணிக்கு அகஸ்டீனர் என்ற பீர் ஆலையின் கூடார வாசலில் நின்றோம். கையில் பாஸ்போர்ட், பணம், போன் மட்டும். காவலாளி 'உள்ளே போங்கள்' என்று கையைக் காட்டியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாதிக்கு மேல் காலி மேசைகள்! மேசைகளில் ஒட்டியிருந்த சீட்டில் முன்பதிவு எத்தனை மணிக்கு என்று போட்டிருந்தது. அந்த நேரம் வரும்வரை யார் வேண்டுமானாலும் உட்காரலாம். மாலை 4 மணி என்று எழுதிய மேசையில் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் மியூனிக்கைச் சேர்ந்த வயதான தம்பதி எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். யாரோடும் மேசையைப் பங்கிட்டுக்கொள்வதுதான் அங்கே வழக்கம்.

விழாவில் மியூனிக்கின் ஆறு பீர் ஆலைகளுக்குத்தான் இடம். அகஸ்டீனர் அதில் ஒன்று, இன்னும் மரப் பீப்பாயிலிருந்தே ஊற்றுகிறார்கள். பீர் வருவது 'மாஸ்' என்ற ஒரு லிட்டர் கண்ணாடிக் குவளையில், குறைந்த அளவு கேட்டால் கிடையாது. 2025இல் விலை 14.50 முதல் 15.80 யூரோ வரை, நம் கணக்கில் 1,500 ரூபாய்க்கு மேல். விழாவுக்கென்றே காய்ச்சுவதால் அங்கே வழக்கமாகக் கிடைப்பதைவிடக் கொஞ்சம் வீரியம் அதிகம், சுமார் ஆறு சதவீதம். முதலில் ஒரு பெரிய பிரெட்ஸல் ரொட்டி, பாதிக் கோழி என்று வயிற்றை நிரப்பிவிட்டு நிதானமாகக் குடியுங்கள். குவளை மேசைக்கு வந்ததும் அங்கேயே பணம் கொடுக்க வேண்டும். ரொக்கம் வைத்திருங்கள், மைதானத்து ஏடிஎம்களில் வரிசை நீளம். பத்துக்கு மேல் குவளைகளை இரண்டு கைகளில் அணைத்துக்கொண்டு வரும் அந்தப் பணிப்பெண்ணுக்கு ஒன்றிரண்டு யூரோ சேர்த்துக் கொடுங்கள்.

மச்சினன் குடிப்பதில்லை. ஆப்பிள் சாறும் சோடாவும் கலந்த பானத்தைக் கேட்டான், அதுவும் பெரிய குவளையிலேயே வந்தது. யாரும் ஒரு மாதிரியாகப் பார்க்கவில்லை. எங்கள் மேசையில் இருந்த மியூனிக் பெரியவர் தன் குவளையை அவன் குவளையோடு மோதி, கண்ணைப் பார்த்து 'ப்ரோஸ்ட்' என்றார். மோதும்போது கண்ணைப் பார்க்க வேண்டுமாம். மாலை ஆறு மணிவரை இசையின் சத்தம் 85 டெசிபெலைத் தாண்டக் கூடாது என்று நகராட்சி விதி வைத்திருக்கிறது. அதனால் பித்தளை வாத்தியங்களை ஆற அமரக் கேட்கலாம், பக்கத்தில் இருப்பவரோடு பேசலாம். நாலு மணிக்கு முன்பதிவுக்காரர்கள் வந்தார்கள், எழுந்து கொடுத்தோம். அதற்குள் நண்பன் அந்தத் தம்பதிக்கு எங்கள் மூன்று பேரின் குடும்பக் கதையையும் சைகையிலேயே சொல்லி முடித்திருந்தான்.

செவ்வாயும் அதேபோல் காலையிலேயே போனோம். அன்று குடும்ப நாள், ராட்டினங்களில் கட்டணக் குறைப்பு உண்டு.

புதன்கிழமை சால்ஸ்பர்க். பயர்ன் டிக்கெட் என்ற ஒருநாள் சீட்டில் ஐந்து பேர் வரை போகலாம், எல்லை தாண்டி சால்ஸ்பர்க் நிலையம் வரை செல்லும். வார நாளில் காலை 9 மணிக்குப் பிறகுதான் செல்லுபடி, அதிவேக ரயில்களில் செல்லாது, பயணிகளின் பெயரை அதில் எழுத வேண்டும். ஷெங்கனுக்குள் சோதனையே இருக்காது என்று நம்பிப் பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிடாதீர்கள். திரும்பும்போது எல்லையில் ஜெர்மானியப் போலீஸ் ரயிலில் ஏறிப் பார்த்தார்கள். எங்கள் முன் இருக்கையில் இருந்தவரிடம் போனில் படம் மட்டும்தான் இருந்தது. அவரை இறக்கிவிட்டார்கள்.

27ஆம் தேதி சனிக்கிழமை காலை பிராக் கிளம்பினோம். அன்று மதியம் கூட்ட நெரிசல் தாங்காமல் மைதானத்தையே சிறிது நேரம் மூடினார்களாம். அக்டோபர் 1 அன்று நாங்கள் வியன்னாவில் இருந்தபோது, வெடிகுண்டு மிரட்டலால் மாலைவரை விழா மூடியே கிடந்தது. ஒரே ஒரு நாளை மட்டும் நம்பிப் போகாதீர்கள், அடுத்தடுத்து இரண்டு மூன்று வார நாள்களாவது கையில் இருக்கட்டும்.

2026இல் விழா செப்டம்பர் 19 முதல் அக்டோபர் 4 வரை. போக நினைப்பவர்கள் மார்ச் மாதமே விசா நேரத்தைப் பிடித்துவிடுங்கள். போவதற்கு முன் ஒரு வெள்ளைத் தாளில் நாடு வாரியாக இரவுகளை எழுதி, வீட்டில் வேறு யாரிடமாவது கொடுத்து ஒருமுறை கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

சால்ஸ்பர்க் விடுதிக்கு இதுவரை மூன்று மின்னஞ்சல் எழுதிவிட்டேன். இரண்டு இரவுக்கான பணம் இன்னும் வரவில்லை.